நீர்மாலைக்கு முந்தைய ஈரம்

அந்தத் தொடரில் பேசிய ஆங்கிலத்தில் பாதிகூட எனக்குப் புரிந்ததில்லை. இதை எங்கள் உறவுக்காரர்களிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாமல் போனதற்குக் காரணம் நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். அம்மா மிளகாய் வற்றல் கிட்டங்கியில், கிடங்கைத்தான் அப்படிச் சொல்வோம், காம்பு கிள்ளுகிறாள். நான் பி.காம். முடித்துவிட்டு தூத்துக்குடியிலேயே ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சேர்ந்தேன். சரக்கு கப்பலேறுவதற்கான காகிதங்களைத் தயார் செய்யும் பிரிவு. எழுதுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. வெளிநாட்டிலிருந்து போன் வந்தால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார்.

"இங்கிலாந்துக்காரன் சீரியல் ஏதாவது பாருங்க தம்பி. கீழ எழுத்து ஓடும்லா, அத ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க. காது தானாப் பழகிரும்."

அப்படித்தான் அந்தத் துப்பறியும் தொடரைப் பிடித்தேன். கிரைம் நாவல்களை வைத்து எடுத்தது. ஒரு நாவலுக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஊர்கள், ஓயாத மழை, புல்மேடு, கல் வீடுகள். நீளக் கோட்டு போட்ட, மனைவியை இழந்த ஒரு இன்ஸ்பெக்டர். அவர் வாயைத் திறக்காமலே பேசுவார். அந்தப் பக்கத்து ஆட்களின் பேச்சோ, வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். எங்கள் கல்லூரியில் எந்தப் பேராசிரியரும் அப்படி ஒரு ஆங்கிலம் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது பழைய டிவி. மில்லர்புரத்தில் பெரியப்பா வீட்டில் நெட் வசதியோடு பெரிய டிவி இருந்தது. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறான். அந்த டிவி போன விடுமுறையில் அவன் வாங்கி மாட்டிவிட்டுப் போனது. வீட்டில் இருந்தது பெரியப்பாவும் அண்ணன் மனைவியும் மட்டும். எனக்கு அவர் மதினி. கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. அண்ணன் வருடத்தில் மூன்று மாதம்தான் கரையில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நான் சைக்கிளில் அங்கே போய்விடுவேன்.

முதல் வாரம் நான் மட்டும் பார்த்தேன். இரண்டாவது வாரம் பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றும் வேலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். எழுத்து தெரியாது. ஆனால் எதையும் சும்மா பார்க்க மாட்டார்.

"ஏலே, இந்த ஆளு சாப்பிடவே மாட்டேங்கானே. செத்த வீட்டுக்குப் போயி டீ மட்டும் வாங்கிக் குடிக்கான்."

"அங்க அப்படித்தான் பெரியப்பா."

"என்ன அப்படித்தான்? நம்மூர்ல கொலை விழுந்தா, எவன் வெட்டுனான்னு வெட்டு வாங்குனவனுக்கே தெரியும். அவன் எங்கன போயி ஒளிஞ்சான்னுதான் போலீஸு தேடும். இவன் என்னடான்னா எவன் செஞ்சான்னு ஒன்றரை மணி நேரம் தேடுதான்."

மதினி அடுப்படியிலிருந்து சிரிப்பார். கொஞ்ச நாளில் அவரும் முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே பார்க்க ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை, அவளும் வந்து சேர்ந்தாள். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வரி பேசினால் நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

அங்கேதான் தப்பு தொடங்கியது. முதல் நாளே "எனக்கு வெளங்கல" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பெரியப்பா கேட்கிறார், அத்தை கேட்கிறாள், மதினி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். படித்த பிள்ளை நான். புரிந்த நாலு சொல்லை வைத்து மீதியைக் கட்டினேன். யார் முகம் விறைப்பாக இருக்கிறதோ அவருக்கு ஒரு பகை. அழுத பெண்ணுக்கு ஒரு கள்ள உறவு. கடைசியில் இன்ஸ்பெக்டர் ஒருவரை உட்கார வைத்து நீளமாகப் பேசுவார், அவர் தலை குனிவார். எதற்காகக் கொன்றார் என்பது அந்தப் பேச்சில்தான் இருக்கும். அது எனக்கு ஒரு தடவைகூடப் பிடிபட்டதில்லை. ஒவ்வொரு வாரமும் நானே ஒரு காரணம் செய்து கொடுத்தேன். சில வாரம் யார் கொன்றது என்பதையே தேர்ந்தெடுத்தேன்.

அவர்கள் அசந்து போனார்கள். "எப்படிலே இத்தனையையும் பிடிக்க?" என்பார் பெரியப்பா. அந்தக் கேள்விக்காகவே நான் அடுத்த ஞாயிறுக்குக் காத்திருந்தேன். இப்போது அதை எழுதும்போது காது சுடுகிறது.

ஒரு பகுதி மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பண்ணை வீட்டில் வயதான ஒருவர் செத்துக் கிடக்கிறார். பார்த்துக்கொண்டது மருமகள். இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து சமையலறைத் தரையைப் பார்க்கிறார். தரை ஈரம். யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே, இதை யார் கழுவியது என்று கேட்கிறார். அந்த ஒரு வரி எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. மருமகள்தான் கஞ்சியில் ஏதோ கலந்துவிட்டாள், தரையைக் கழுவித் தடயத்தை அழித்துவிட்டாள் என்று முடித்து வைத்தேன்.

"பாவி மட்ட" என்றாள் அத்தை.

"நான் கழுவுத தரைய எவனும் வந்து பாத்துராம" என்று மதினி சொல்ல, பெரியப்பா இருமி இருமிச் சிரித்தார்.

அதன் பிறகு நான் அந்த இன்ஸ்பெக்டர் போலவே நடந்துகொள்ளத் தொடங்கினேன். அலுவலகத்தில் யார் சட்டையில் என்ன கறை, யார் செருப்பில் எந்த மண் என்று பார்ப்பேன். எதையும் கவனிக்கிறவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு. ஆனால் பெரியப்பா ஒவ்வொரு ஞாயிறும் நடுவில் திடீரென்று எழுந்து உள்ளே போவதையும், மதினி கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போவதையும், அந்த வீட்டில் எப்போதும் பினாயில் வாசம் இருப்பதையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா இறந்தது ஒரு புதன்கிழமை விடியலில். ஏழு மணிக்கு மதினி போன் செய்தார்.

"தம்பி, மாமா எந்திரிக்க மாட்டேங்காவ. கொஞ்சம் வாங்க."

அப்பா உப்பளத்துக்குப் போயிருந்தார். முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். பெரியப்பா கட்டிலில் நேராகப் படுத்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. கைகளை மார்பில் வைத்திருந்தது. தெருவில் இருந்த டாக்டரைக் கூட்டி வந்தேன். தூக்கத்தில் போயிருக்கிறார், நெஞ்சுதான் என்றார். மதினி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அழவில்லை. மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது, ஏதோ பாரம் தூக்கியவர்போல.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அண்ணனின் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. அவன் வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால் ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். உடலைத் தூக்கி வைக்கும்போது நான் தலைப்பக்கம் பிடித்தேன். பிடரி முடி ஈரமாக இருந்தது. சோப்பு வாசம் வந்தது. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் தரையும் ஈரம்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைச் சும்மா குளிப்பாட்டிவிடுவதில்லை. கொள்ளி வைக்கிற மகன் உறவினர்களோடு போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவர வேண்டும். நீர்மாலை எடுப்பது என்று பெயர். அந்த நீரில்தான் உடலைக் குளிப்பாட்டுவார்கள். மகன் இன்னும் விமானமே ஏறவில்லை. அதற்குள் தலையில் ஈரம்.

எனக்கு அந்த நேரத்தில் துக்கம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. அதையும் தாண்டி ஒரு துடிப்பு இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்கிற துடிப்பு. கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"தரைய யாரு கழுவுனா, மதினி? பெரியப்பா தலையும் ஈரமா இருக்கே?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள்.

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வேர்த்திருக்கும்" என்றார்.

பொய் சொல்லத் தெரியாதவர். எல்லோருக்கும் அது பொய் என்று தெரிந்தது. நான் நிமிர்ந்தபோது அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு மதினியைப் பார்த்தாள். அந்தப் பண்ணை வீட்டுக் கதை அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்று சாயந்திரம் வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு வெளியே அத்தை என்னைத் தனியாக இழுத்துப்போனாள்.

"மருமவனே, நீ ஒண்ணும் இல்லாம கேக்க மாட்ட. என்ன நெனைக்க?"

இங்கே ஒரு சொல் போதும். ஒன்றுமில்லை அத்தை, சும்மா கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் செய்வதுபோலக் கொஞ்சம் பொறுத்து, "எதையும் யோசிக்கணும் அத்த" என்றேன்.

துட்டி வீட்டில், அந்தச் சாவுக் கூட்டத்தின் நடுவில், கேட்ட கேள்வியைக்கூட வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இது வாய் தவறி வந்ததில்லை.

மறுநாள் அண்ணன் வந்தான். நீர்மாலை எடுத்தான், கொள்ளி வைத்தான். அதற்கு அடுத்த நாள் காடாத்துக்கு, சுடுகாட்டில் சாம்பலுக்குப் பால் தெளிக்க, போய் வருவதற்குள் பேச்சு அவன் காதுக்கு எட்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் புருசனோடு சென்னைக்குப் போகணும் என்று மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கிழவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். நீர்மாலைக்கு முன்னாலேயே எதற்குக் கழுவினாள்? நான் ஒரு கேள்விதான் கேட்டேன். மற்றதையெல்லாம் அவர்களே கட்டிக்கொண்டார்கள். கட்டுவது எப்படி என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அண்ணன் மதினியிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கையால் சாப்பிடுவதை மட்டும் நிறுத்தினான். காபிகூட அத்தை வீட்டில் போய்க் குடித்துவிட்டு வந்தான். ஒருநாள் மதினி அவன் முன்னால் இட்லித் தட்டை வைப்பதையும், அவன் பசிக்கலை என்று எழுந்து போவதையும், மதினி அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இட்லியாகத் தானே பிட்டுத் தின்று முடிப்பதையும் பார்த்தேன். எல்லோரும் பார்க்கத்தான் தின்றார். எனக்கு அது விளங்கியபோது வெளியே போய்விட்டேன்.

அத்தை ஒரு முடிவும் எடுத்திருந்தாள். பதினாறாம் நாள் மதினியின் அண்ணன் வந்து மாப்பிள்ளையான என் அண்ணனுக்கு உருமால் கட்டுவார். அந்தத் தலைப்பாகைச் சடங்கு முடிந்ததும், தங்கச்சியைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அப்படிப் போன பெண்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

எனக்கு உறுத்தல் வந்தது பத்தாம் நாள் வாக்கில். நான் நினைத்தது சரிதான் என்று நானே உறுதி செய்துகொள்ள, அந்தப் பண்ணை வீட்டுப் பகுதியின் மூலக் கதையான நாவலைப் போனில் வாங்கினேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில், அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். புத்தகத்தில் எல்லோரும் நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். நாலு நாளில் முடித்தேன்.

அந்தப் பெண் மருமகளே இல்லை, மகள். கொன்றது அவளும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரன். தரை ஈரமாக இருந்தது குழாய் வெடித்ததால். இன்ஸ்பெக்டரும் அந்த ஈரத்தைப் பார்த்து முதலில் ஏமாந்துதான் போகிறார், பிறகு அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கிறார். அந்த மன்னிப்பு தொடரிலும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் சுவர் ஓரமாக நின்று பேசும் காட்சி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் நான் அத்தையிடம், "இப்ப மிரட்டுதாரு" என்று சொல்லியிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தால் அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊர்ப் பேச்சு அன்றுதான், கிட்டங்கியில் யாரோ சொல்லி, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஒங்க பெரியப்பா தல நனஞ்சிருக்குன்னு கேட்டது நீயாலே?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"துட்டியன்னைக்கு நான் கொல்லப்பக்கம் போனேன். ஒரு வாளியில வேட்டியும் பெட்ஷீட்டும் ஊறிக்கிட்டு கெடந்துச்சி. நான்தான் அலசிப் போட்டேன். அந்த மனுசன் கழிச்சல்ல கெடந்து உயிர விட்டிருக்காவ. ஆறு மாசமாவே அடக்க முடியல போல. அந்தக் கோலத்துல ஒருத்தர் கண்ணுலயும் பட்டுரக்கூடாதுன்னு, உயிர் போயிட்டுன்னு தெரிஞ்சும் ஊரக் கூட்டாம, ஒத்தப் பொம்பளையா அந்த ஒடம்பப் பொரட்டி, கழுவி, சலவ வேட்டி கட்டி விட்டிருக்கா. ஒனக்கு அந்த ஈரம் மட்டும் கண்ணுல பட்டுருக்கு."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"எதச் சொல்ல? அவ மூடி வச்சத நான் ஏன் தெறக்கணும்? நீ கேட்டுக் கெடுத்தது எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப நான் போயி எல்லார்ட்டயும் சொல்லிருதேன்மா."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "சொல்லு" என்றாள். "சொல்லி, செத்தவர அம்மணமா நடுவீட்டுல கெடத்து. அதுக்குத்தான் அவ இத்தன நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கா."

பதினாறாம் நாள் காலையில் நான் முன்னதாகவே போனேன். மதினி பின்கட்டில் வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய துணிப்பை அடுப்படி மூலையில் கட்டி வைத்திருந்தது. யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மதினி, அம்மா சொன்னா. எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் இலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சா ஒங்களோட வச்சிக்கிடுங்க. மாமா என் தலையில கை வச்சி சத்தியம் வாங்கியிருக்காவ. என் மவனுக்குத் தெரிஞ்சிரக் கூடாது பிள்ள, அவனுக்கு நான் தோணியில மூட தூக்குன ஆளாவே இருக்கணும்னாவ. அவரு வெளியூர்ல கெடந்துக்கிட்டு, அப்பா இப்படிக் கெடந்தாரான்னு நெனச்சி நெனச்சி உருகணுமா?"

"ஒங்கள அனுப்பப் போறாவளே."

"அனுப்பட்டும். நான் என்ன செய்ய?" என்றவர் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நீங்க கேக்காம இருந்திருக்கலாம் தம்பி." அவ்வளவுதான் சொன்னார்.

கொற்கைப் பக்கமிருந்து மதினியின் அண்ணன் வந்தார். வயற்காட்டு ஆள். புது வேட்டி, துண்டு எல்லாம் தட்டில் வைத்து, மாப்பிள்ளைக்கு உருமால் கட்டினார். சாப்பாட்டுக்கு முன் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அத்தை தொண்டையைச் செருமினாள்.

"ஒங்க தங்கச்சி இங்கன இனி ஒத்தையிலதான இருக்கணும். அவன் கப்பலுக்குப் போயிருவான். கொஞ்ச நாளு அங்கன வந்து இருக்கட்டுமே."

அவர் எதுவும் புரியாமல் தங்கையைத் தேடினார். மதினி நிலைப்படியில் நின்றிருந்தார். அண்ணன் உருமாலோடு தலை குனிந்திருந்தான்.

நான் எழுந்தேன்.

"அத்த, நான் ஒண்ணு சொல்லணும். அந்தத் தொடர்ல அவங்க பேசுத இங்கிலீசு எனக்கு வெளங்காது. நான் சொன்ன கதையெல்லாம் நானாக் கட்டுனது. யாரு கொன்னா, எதுக்குக் கொன்னா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. அந்த மருமவ கதையும் பொய்யி. எனக்குத் துப்பறியவும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

உறவில் மாமா ஒருவர் சிரித்தார். "கப்பல் கம்பெனியில வெள்ளக்காரன்கூட இங்கிலீசுல பேசுத பய, வெளங்காதுங்கான் கேட்டியளா."

"படிச்சவன் பேச்சு அப்படித்தான் தன்மையா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கட்டும் மருமவனே. அண்ணன் தல ஏன் ஈரமா இருந்துச்சி? ஒன் வாயாலதான கேட்ட. அதுக்கு என்ன பதிலு?"

நான் சொன்ன ஒரே உண்மை எடுபடவில்லை. கேட்ட கேள்வி மட்டும் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. மதினி என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்கிற பார்வை. அப்போது, யோசிக்கக்கூடச் செய்யாமல், அது வாயில் வந்தது.

"நான்தான் தண்ணி ஊத்துனேன்."

அண்ணன் தலை நிமிர்ந்தான்.

"அன்னைக்கு மொதல்ல வந்தது நான்தான. பெரியப்பாவுக்கு மயக்கம்னு நெனச்சிட்டேன். பதறிப்போயி ஒரு வாளித் தண்ணியத் தூக்கித் தலையில ஊத்திட்டேன். கட்டில், வேட்டி, தரை எல்லாம் நனஞ்சி போச்சி. மதினிதான் தொடச்சி, வேட்டிய மாத்தி விட்டாவ. அப்புறம் டாக்டர் வந்து செத்துட்டாருன்னதும், நான் தண்ணி ஊத்துனதுலதான் போயிட்டாரோன்னு பயம் வந்துட்டு. எம்மேல பழி வந்துரக் கூடாதுன்னு நானே முந்திக்கிட்டுக் கேட்டேன். மதினி என்னக் காட்டிக் குடுக்கல."

எல்லாம் பொருந்தியது. ஈரம், வேட்டி, தரை, மதினியின் மௌனம், அவர் சொன்ன அந்தப் பொய்கூட. சொல்லி முடித்தபோது, எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று என் மனதில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை.

இதை அவர்கள் உடனே நம்பினார்கள்.

"ஏலே, நீ செஞ்ச காரியத்தத் தூக்கி ஒரு பொண்ணு தலையிலயா போட்ட?" என்றாள் அத்தை. பக்கத்தில் இருந்த மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினியின் அண்ணனுக்கு அப்போதுதான் இத்தனை நாள் என்ன பேச்சு நடந்திருக்கிறது என்று புரிந்தது. எழுந்து என் பக்கம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அருகில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அம்மா அவரிடம் உண்மையைச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இலை போட்டார்கள். மதினி பரிமாறினார். அண்ணன் சாப்பிட்டான். மறுசோறு கேட்டு வாங்கினான். அத்தை அடுப்படிக்குள் போய், "ஏளா, எனக்கு என்ன தெரியும், படிச்ச பய சொன்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது. துணிப்பை எப்போது அவிழ்க்கப்பட்டது என்று நான் பார்க்கவில்லை.

உறவில் இப்போது என்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. செத்தவர் தலையில் தண்ணி ஊத்திட்டு, மதினி மேல பழி போட்ட பய. கல்யாண வீட்டில் யாராவது தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டினால் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும். அதற்காக நான் வருந்தவில்லை. அது நான் செய்ததைவிடச் சின்னது.

அண்ணன் கப்பலுக்குக் கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனேன். கூடத்தில் பெரியப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. திட்டுவான் என்றுதான் நினைத்தேன். உட்காரச் சொன்னான். படத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"நீ தண்ணி ஊத்துனப்ப அப்பா முழிச்சாவளாலே? ஒரு நிமிசமாவது?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஊற்றாத தண்ணீருக்கு என்ன பதில் சொல்வது?

"இல்லண்ணே."

"மொகம் எப்படி இருந்துச்சி? நான் வந்து பாக்கையில ஐஸ் பெட்டிக்குள்ள வெறச்சிப் போயிருந்துச்சி. ஒனக்குத்தான் மொதல்ல பாத்த மொகம் தெரியும்."

முதலில் பார்த்தவர் நான் இல்லை. மதினி காபி டம்ளரோடு கதவுப் பக்கம் வந்து நின்றிருந்தார். கழிச்சலில், வலியில், உயிர் போன முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். கண்ணை மூடி, வாயை மூடி, அதைச் சரிசெய்தது அவர் கைதான். இனி அண்ணனிடம் அவர் அதை எந்த நாளும் சொல்லிவிட முடியாது. நான் சொன்ன பொய் அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

"தூங்குத மாதிரி இருந்தாவண்ணே" என்றேன். "சாந்தமா இருந்தாவ."

அண்ணன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அது போதும்லே" என்றான்.

மதினி அவனுக்கு முன்னால் டம்ளரை வைத்தார். அவன் எடுத்துக் குடிக்கத் தொடங்கும்வரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல் உள்ளே போனார்.